எந்த ஊர்ப் பாம்பு, என்ன சாப்பாடு?

வர்ஜீனியாவில் இருக்கும் நண்பரின் மகளுக்குப் பதினொரு வயது. மே மாதத்தில் மழை விட்ட ஒரு சாயங்காலம், கொல்லையில் மக்கிக் கிடந்த பலகையைப் புரட்டிப் பார்த்தவள், அடியில் சுருண்டிருந்ததை அப்படியே ஊறுகாய் பாட்டிலுக்குள் விட்டு மூடிவிட்டாள். நான் போனபோது பாட்டில் சாப்பாட்டு மேசையின் நடுவில் இருந்தது. மூடியில் ஆணியால் குத்திய நாலைந்து ஓட்டைகள். நண்பரின் மனைவி சமையலறை வாசலைத் தாண்டி வரவில்லை. உள்ளே, பென்சிலைவிட மெலிந்த ஒரு பாம்பு. மழையில் நனைந்த ஸ்லேட்டின் நிறம். தலைக்குப் பின்னால், புது மஞ்சள் கயிறு கட்டியதுபோலக் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம்.

"அங்கிள், இது விஷமா? இதுக்கு என்ன சாப்பிடக் கொடுக்கணும்?"

இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டாள். வட அமெரிக்காவில் வசந்தம் வந்தால் யாராவது யாரிடமாவது இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். பேஸ்மென்ட் படிக்கட்டிலும் தோட்டத்துக் கல் வரப்பிலும் அடிக்கடி அகப்படும் பாம்புகளில் ஒன்று இந்த ரிங்நெக். தமிழில் வளையக்கழுத்துப் பாம்பு என்று சொல்லிக்கொள்ளலாம். முதல் கேள்விக்குப் பதில் எளிது: மனிதருக்கு இதனால் ஆபத்தில்லை. இரண்டாவதற்குப் புத்தகத்துக்குப் புத்தகம் பதில் மாறும். மண்புழு என்கிறது ஒன்று, சாலமாண்டர் என்கிறது இன்னொன்று, பல்லி, குட்டிப் பாம்பு என்கின்றன வேறு சில. எல்லாமே சரி என்பதுதான் இதில் சிக்கல். எந்த ஊர்ப் பாம்பு என்று விசாரிக்காமல் இதற்கு இலை போட முடியாது.

ஆளைத் தெரிந்துகொள்ள ஊறுகாய் பாட்டில் நல்ல கருவி என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பாம்பைக் கையில் எடுத்துப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டாம்; பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கி அடியிலிருந்து பார்த்தால் போதும். முதுகில் இல்லாத கதையெல்லாம் வயிற்றில் எழுதியிருந்தது. முட்டைக்கருவின் மஞ்சள், தொண்டையிலிருந்து வால் நுனிவரை ஒரே சீராக, ஒரு புள்ளிகூட இல்லாமல். கழுத்து வளையமும் எங்கும் அறுபடாமல் முழுசாக இருந்தது. செதில்கள் கண்ணாடிமேல் வழுக்கிக்கொண்டு போயின. வளையம், வழவழப்பான செதில், பளீரென்ற வயிறு. இந்த மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய முடிவு செய்துவிடலாம்.

ஏறக்குறைய என்றுதான் சொல்ல முடியும். ஒன்றைமட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். டீகே பழுப்புப் பாம்பின் குட்டிக்கும் கழுத்தில் வெளிறிய வளையம் உண்டு; ஆனால் அதன் ஒவ்வொரு செதிலின் நடுவிலும் படகின் அடிக்கட்டைபோல ஒரு கோடு எழும்பியிருக்கும், தோல் சொரசொரப்பாகத் தெரியும். செவ்வயிற்றுப் பாம்புக்கும் அதே சொரசொரப்பு. அதன் கழுத்தில் வளையத்துக்குப் பதிலாக மூன்று வெளிர்ப் புள்ளிகள் இருக்கும். இவை இரண்டும் குட்டி போடுகிறவை, ரிங்நெக் முட்டையிடுவது. புழுப்பாம்பு என்று அங்கே அழைக்கப்படுவதற்கு வழவழப்பும் இளஞ்சிவப்பு வயிறும் உண்டு, வளையம் கிடையாது. தெற்கே, கறுப்புத் தொப்பி போட்டதுபோலத் தலையுள்ள டான்டில்லா வகைப் பாம்புகள் சிலவற்றில் தொப்பிக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பட்டை வந்து குழப்பும். அவற்றில் பலவற்றின் வயிறு வெளுத்திருக்கும், ரிங்நெக்கின் பளீரென்ற மஞ்சள் இருக்காது.

ஃபுளோரிடாவில் இந்தப் பட்டியலில் நம்மூர்க்காரர் ஒருவரும் சேர்ந்துகொள்கிறார். பூந்தொட்டியைத் தூக்கினால் அடியில் நெளியும் கறுப்பு நூல்போன்ற செவிப்பாம்பு. காதுக்குள் போய்விடும் என்று பாட்டிகள் பயமுறுத்துவார்களே, அதேதான். தொட்டி மண்ணோடு கப்பலேறி உலகமெல்லாம் குடியேறிவிட்டது. இந்த இனத்தில் ஆணே கிடையாது, எல்லாம் பெண். ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும், குடும்பம் பெருகிவிடும். அங்கே இதைப் பார்த்து ரிங்நெக் குட்டி என்று நினைப்பவர்கள் உண்டு. வளையம் இல்லை, கண்ணும் வெறும் புள்ளி, தலை எது வால் எது என்றே சட்டெனத் தெரியாது.

பெயர் தப்பினால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். இந்த ஒரே அளவுப் பாம்புகளின் சாப்பாட்டைப் பார்த்தால் தெரியும். டீகே பாம்புக்கு ஓடில்லா நத்தையும் மண்புழுவும். டான்டில்லாக்களில் பலவற்றுக்குப் பூரான். செவிப்பாம்புக்கு எறும்பு, கறையான் இவற்றின் முட்டையும் புழுவும். பூரான் தின்னும் பாம்பின் முன்னால் மண்புழுவை வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து ஏன் செத்தது என்று கேட்பதில் பயனில்லை.

சரி, ரிங்நெக்தான் என்று உறுதியாகிவிட்டது. அதோடு முடிந்ததா?

இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் லின்னேயஸ், 1766இல். கரோலைனாவிலிருந்து போன மாதிரியை வைத்து, புள்ளியிட்டது என்று பொருள்படும் பங்க்டேட்டஸ் என்ற சொல்லைச் சேர்த்தார். வளையத்தை விட்டுவிட்டு வயிற்றுப் புள்ளியைப் பெயராக்கியது வேடிக்கைதான். கழுத்தின் மரியாதை 1853வரை காத்திருந்தது. பெயர்டும் ஜிரார்டும் அந்த ஆண்டு தனிப் பேரினமாக்கியபோது டயடோஃபிஸ் என்றார்கள், கிரேக்கத்தில் தலைப்பட்டை கட்டிய பாம்பு. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் தொடங்கி மெக்சிகோவின் நடுப்பகுதிவரை, அட்லாண்டிக் கரையிலிருந்து பசிபிக் கரைவரை, இந்த ஒரே இனம்தான் என்பது இன்றுவரை பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. அதற்குள் பதினான்கு போல உள்ளினங்கள்.

உள்ளினத்தைச் சொல்வதற்கு மறுபடி பாட்டிலைத் தூக்க வேண்டும். வடகிழக்கில் உள்ளதற்கு வளையம் முழுசு, வயிறு வெறும் மஞ்சள், அல்லது எங்கோ ஓரிரு புள்ளி. தென்கிழக்கில் உள்ளதற்கு வளையம் நடுவில் அறுந்திருக்கும்; வயிற்றின் மத்தியில் அரைநிலாப் புள்ளிகள் ஒரே வரிசையாக, சட்டைப் பொத்தான் மாதிரி ஓடும். லின்னேயஸ் கண்ட புள்ளி அதுதான். கான்சஸ் பக்கத்துப் புல்வெளி ரிங்நெக்கின் வயிற்றில் புள்ளிகள் மை தெறித்தாற்போல ஒழுங்கில்லாமல் கிடக்கும். கலிபோர்னியாவில் மஞ்சள் ஆரஞ்சாகி வாலுக்கு அடியில் இரத்தச் சிவப்பில் முடியும். அரிசோனா, நியூ மெக்சிகோ வறண்ட மலைகளில் இருக்கும் 'ரீகல்' வகைக்குப் பெரும்பாலும் வளையமே இருக்காது. மற்றவை ஒரு சாணிலிருந்து ஒன்றரைச் சாண்வரை வளர்ந்தால், இது அரை மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. வளையமில்லாத வளையக்கழுத்துப் பாம்பு என்று சொல்லும்போது சிரிப்பு வரும். அதன் சாப்பாடும் தனி, பிறகு வருகிறேன்.

2008இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று இந்தப் பட்டியலைக் கலைத்துப் போட்டது. கண்டம் முழுவதிலுமிருந்து மாதிரி எடுத்துப் பார்த்ததில், தனித்தனியாக நீண்ட காலம் பிரிந்து வாழ்ந்த பல கிளைகள் தெரிந்தன. அவை பழைய உள்ளினக் கோடுகளோடு ஒத்துப்போகவில்லை. வயிற்றுப் புள்ளியை நம்பி எழுதிய எல்லைகள் ஓரிடத்தில், இரத்தம் போட்ட எல்லைகள் வேறிடத்தில். ஆகவே வீட்டில் ஒன்றைப் பிடித்தவருக்கு என் யோசனை, உள்ளினப் பெயரைத் தேடித் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம் என்பதே. எந்த மாவட்டம், எந்த மாதிரி இடம், எதன் அடியில் என்று எழுதி வைத்துக்கொண்டால் அது பெயரைவிட அதிகம் உதவும்.

வாலைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்கிலும் தெற்கிலும், வாலடி சிவந்த ரிங்நெக்கைத் தொந்தரவு செய்தால் தலையை உடம்புக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, வாலை ஸ்பிரிங் போலச் சுருட்டி, சிவப்பு வெளியே தெரியும்படி தூக்கிப் பிடிக்கும். கொத்த வரும் பறவை தலையை விட்டு வாலைக் கொத்தட்டும் என்பதோ, இது விஷம் என்று மிரளட்டும் என்பதோ, இரண்டுமோ. வாலடி மஞ்சளாக இருக்கும் வடக்கத்தி ரிங்நெக்குகள் இதை அவ்வளவாகச் செய்வதில்லை. காட்ட நிறம் இல்லாவிட்டால் நாடகம் எதற்கு? தமிழ்நாட்டில் இதே வித்தையைச் செய்யும் பாம்பு ஒன்று உண்டு. மெல்லிய பவளப்பாம்பு, கறுத்த தலையும் பழுப்பு உடம்புமாக இதே ரிங்நெக் அளவில், வாலைச் சுருட்டி நீலம் பாய்ந்த அடிப்பக்கத்தைக் காட்டும். அது நாகத்தின் உறவு, விஷமுள்ளது. அமெரிக்கக் கொல்லையில் படித்த பாடத்தை லீவில் ஊருக்கு வந்து கொல்லிமலைக் கல்லின் அடியில் போட்டுப் பார்க்கக் கூடாது. இந்தியாவில் காட்டுப் பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்துக்கொள்வது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றமும்கூட.

நண்பர் மகள் பிடித்ததோ வால் வித்தை எதுவும் காட்டவில்லை. அதனிடம் இருந்த ஆயுதம் நாற்றம். பாட்டிலிலிருந்து பெட்டிக்கு மாற்றும்போது ஒரு விநாடி உள்ளங்கையில் நெளிந்தது. பிறகு மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும், மறுநாள் காலை காபி டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது அந்த வாடை என் விரலில் இருந்தது.

இனி சாப்பாடு. நியூ ஹாம்ப்ஷயரில் ஹப்பர்ட் புரூக் என்ற சோதனைக் காடு உண்டு. அங்கே பர்ட்டன், லைக்கன்ஸ் என்ற இருவர் 1975இல் ஒரு கணக்குப் போட்டார்கள். காட்டிலுள்ள சாலமாண்டர்களையெல்லாம் சேர்த்து எடைபோட்டால், பறவைகளின் மொத்த எடையைப்போல அது ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது; எலி, மூஞ்சூறு முதலான சிறு பாலூட்டிகளின் எடைக்குச் சமமாக இருந்தது. அவற்றில் பெரும்பான்மை செம்முதுகுச் சாலமாண்டர்: பார்வைக்கு ஈரமான பல்லி, பிறப்பால் தவளையின் உறவு, விரல் நீளம், நுரையீரலே கிடையாது, தோலால் மூச்சு விடுவது. தோல் உலர்ந்தால் மூச்சு நின்றுவிடும். ஆகவே ஈரமான கட்டையின் அடியை விட்டு அது வெளியே வருவது மழை இரவில்தான். ரிங்நெக்கும் அதே கட்டையின் அடியில் இருக்கிறது. வடகிழக்கு ரிங்நெக் ஏன் சாலமாண்டரைத் தேடித் தின்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

மண்புழு இல்லையா என்றால், அங்கேதான் ஒரு பழங்கதை இருக்கிறது. கடைசிப் பனியுகத்தில் பனிப்பாளம் மூடியிருந்த வட மாநிலங்களில் சொந்த மண்புழுக்கள் ஏறக்குறைய அற்றுப்போயின. இன்று அங்கே தோட்டத்தில் நெளிகிறவை பெரும்பாலும் ஐரோப்பியக் குடியேறிகளோடு செடி மண்ணிலும் கப்பல் பாரத்திலும் வந்தவை. மிச்சிகன் ரிங்நெக்கின் பரம்பரைச் சாப்பாட்டில் மண்புழு நேற்று வந்த பலகாரம்.

அந்த மிச்சிகன் பாம்புகளோடு வாழ்நாளைக் கழித்தவர் ஃபிராங்க் பிளான்சார்டு. ஒரு கட்டைக்குள் பல தாய்கள் சேர்ந்து முட்டையிடுவதையெல்லாம் பொறுமையாகக் குறித்து வைத்தவர், 1937இல் இறந்துபோனார். ரிங்நெக் இனத்தைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1942இல் வந்தது. வடக்கு மிச்சிகன் களக்குறிப்புகள் கட்டுரையாக வெளிவந்தது 1979இல். தாவர மரபியல் அறிஞரான அவர் மனைவி ஃபிரீடாவின் பெயரும் அதில் இருந்தது. அவரும் அதற்குள் காலமாகிவிட்டார். ஒரு சாண் பாம்புக்காக இரண்டு ஆயுள்.

கான்சஸ் பக்கம் போனால் இலையே மாறிவிடுகிறது. அங்கே ஹென்றி ஃபிட்ச், 1948 முதல் பல்கலைக்கழகத்தின் இயற்கைக் காப்புநிலத்திலேயே குடியிருந்து, கற்களைப் புரட்டிப் புரட்டிப் பாம்புகளைக் குறியிட்டு விட்டு மறுபடி பிடித்துக்கொண்டிருந்தார். 1975இல் வந்த அவருடைய ரிங்நெக் ஆய்வில் ஓர் எண் இருக்கிறது. முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். ஒரு ஹெக்டேரில் 700க்கு மேல் தொடங்கி 1,800க்கு மேல்வரை பாம்புகள். இரண்டரை ஏக்கர் புல்வெளியில் ஆயிரத்துச் சொச்சம் பாம்பு இருக்கும், மேலே நடந்துபோகிறவனுக்கு ஒன்றுகூடத் தெரியாது. இத்தனை வயிறுகளுக்கும் அங்கே சோறு போட்டது மண்புழு. சாலமாண்டர் அருகிய நிலம், புழு மலிந்த மண்.

தென்மேற்கே ரீகல். அந்த வறண்ட மலையில் புழுவும் குறைவு, சாலமாண்டரும் குறைவு. அது தின்பது அரணை, பல்லி, அதைவிட முக்கியமாகப் பிற சிறு பாம்புகள். பசிபிக் கரையில் மறுபடி சாலமாண்டர், கூடவே பல்லியும் தவளைக்குஞ்சும். முதலில் மனிதருக்கு விஷமில்லை என்றேன். இரைக்கு அப்படி இல்லை. மேல்தாடையின் பின்பக்கம் பல் சற்று நீளம், வாயில் ஊறும் சுரப்பில் நஞ்சு உண்டு. வடமேற்கு ரிங்நெக்கின் வாய்ச்சுரப்பை எடுத்து, தூரத்து உறவான கார்ட்டர் பாம்புகளுக்குச் செலுத்திப் பார்த்த ஆய்வு 2007இல் வந்தது, அவை செத்தன. பல்லி, பாம்பு போன்ற திமிறும் இரையைக் கவ்விய ரிங்நெக் உடனே விழுங்குவதில்லை. விடாமல் பிடித்தபடி தாடையை மெல்ல மெல்ல அசைக்கும், எச்சில் இறங்கும், இரை தளரும். மண்புழுவுக்கு இந்தப் பாடு தேவையில்லை.

சாப்பாட்டு ருசி பழக்கத்தால் வருகிறதா, பிறவியிலேயே இருக்கிறதா? இதற்கு ரிங்நெக்கிடம் கேட்ட ஆய்வைவிட அந்தக் கார்ட்டர் பாம்பிடம் கேட்டது தெளிவாகப் பதில் தருகிறது. 1960களில் கார்டன் பர்கார்ட், ஒரு வேளைகூடச் சாப்பிட்டிராத குட்டிகளின் முன்னால் பஞ்சுக் குச்சியில் புழு வாடை, மீன் வாடை என்று தடவி நீட்டினார். நாக்கை நீட்டி நீட்டிச் சோதித்த குட்டிகள் தம் இனத்தின் இயல்பான இரை வாடைக்குமட்டும் பாய்ந்து கடித்தன. 1977இல் ஸ்டீவன் ஆர்னால்டு இன்னும் ஒரு படி போனார். கலிபோர்னியாவின் கடற்கரையில் பெரிய ஓடில்லா நத்தைகள் ஏராளம், உள்நாட்டு மலையில் அவை கிடையாது. ஒரே இனக் கார்ட்டர் பாம்பின் குட்டிகளை இரண்டு இடத்துத் தாய்களிடமிருந்தும் பெற்று நத்தையை வைத்தார். கடற்கரைக் குட்டிகள் தின்றன. மலைக் குட்டிகள் பெரும்பாலும் தொடவில்லை. இரண்டும் அதுவரை நத்தையைப் பார்த்ததில்லை. ஊர் ருசி கருவிலேயே இருந்திருக்கிறது.

அதனால்தான் பிடித்து வைத்த ரிங்நெக் சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்தால் நான் அதை அடம் என்று எடுத்துக்கொள்வதில்லை. தன் ஊர்ச் சாப்பாடு கண்ணில் படவில்லை என்கிறது, அல்லது இந்த இடத்தில் வாயைத் திறக்கப் பயமாக இருக்கிறது என்கிறது. மூன்றாவது காரணமும் உண்டு, காலம். இலையுதிர் காலத்தில் பிடித்தது குளிர்கால உறக்கத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும். கண் பால்போல மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது. இரண்டு நேரத்திலும் அமிர்தத்தை வைத்தாலும் திரும்பிப் பார்க்காது.

நண்பர் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். மாநிலச் சட்டத்தைப் பார்த்துவிட்டு, நாலைந்து நாள், அதற்குமேல் இல்லை என்று குழந்தையிடம் வாக்கு வாங்கிக்கொண்டு, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் தயார் செய்தோம். ரிங்நெக் நழுவப் பென்சில் நுழையும் சந்து போதும், ஆகவே காற்றோட்டத்துக்கு ஊசி ஓட்டைகள்தான். நாலு விரல் ஆழத்துக்குக் கொல்லை மண்ணும் மக்கிய இலையும். ஒரு பாதி ஈரம், மறு பாதி ஈரம் குறைவு. மேலே தட்டையான மரப்பட்டை, ஓரத்தில் ஊறுகாய் பாட்டிலின் மூடியில் தண்ணீர். வெப்ப விளக்கு வாங்கட்டுமா என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றேன், பெட்டிக்குள் பாம்பு அப்பளமாகிவிடும். இது கல்லடியில் ஈரத்தில் வாழும் ஜீவன், வீட்டு அறையின் வெப்பமே போதும். பலர் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே பாம்பை உலர்த்திக் கொன்றுவிடுகிறார்கள். நன்றாக இருக்கும் ரிங்நெக் சில வாரங்கள் பட்டினி தாங்கும். காய்ந்த பெட்டியை அவ்வளவு நாள் தாங்காது.

முதல் நாள் ஒன்றும் வைக்கவில்லை. இரண்டாம் இரவு, நண்பர் தூண்டில் சாமான் கடையில் ஒரு டப்பா நைட்கிராலர் வாங்கி வந்தார். கனடாவின் ஒன்டாரியோ வயல்களில் ராத்திரியில் ஆட்கள் குனிந்து குனிந்து கையால் பொறுக்கி அமெரிக்காவெங்கும் போகும் புழு. ஒவ்வொன்றும் நம் பாம்பின் தடிமன் இருந்தது. பட்டையின் அடியில் ஒன்றை விட்டோம். காலையில் புழு மண்ணுக்குள் சுகமாக இருந்தது, பாம்பு மறு மூலையில் இருந்தது. இந்தப் புழுவைத் துண்டாக நறுக்கி வைத்துச் சாப்பிட வைத்தவர்கள் உண்டு. கடையில் வாங்குபவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். தூண்டிலுக்கென்று பச்சைச் சாயம் ஏற்றிய புழுக்களும் விற்கிறார்கள், அவை ஆகாது. ரெட் விக்லர் என்று விற்கும் சின்னச் சிவப்புப் புழுவும் ஆகாது. அது நம்மூரில் மண்புழு உரத் தொட்டியில் விடுகிறார்களே, அதே ஐசீனியா. சீண்டினால் மஞ்சளாக நாறும் நீரைக் கக்கும், பாம்புகளுக்கு ஒத்துக்கொள்ளாது. பூச்சிமருந்து அடித்த புல்தரைப் புழுவும் வேண்டாம். கடைகளில் விற்கும் உறைந்த எலிக்குஞ்சை வைத்துப் பார்க்கலாமே என்றும் கேட்பார்கள். சுண்டு விரல் நகத்தைவிடக் குறுகிய தலைக்குள் அது போகாது. வாயைத் திறந்து திணிப்பது கொடுமை, பெரும்பாலும் கொலையும்கூட.

சாலமாண்டரைப் பிடித்து வந்து போடலாமா? வடக்கத்தி ரிங்நெக்குக்கு அதைவிட ருசியானது இல்லைதான். ஆனால் சாலமாண்டர்களைப் பூஞ்சை நோய் ஒன்று அச்சுறுத்துகிறது. அது பரவாமல் தடுக்க 2016இல் அமெரிக்க அரசு இருபது பேரினச் சாலமாண்டர்களை இறக்குமதித் தடைப் பட்டியலில் போட்டது. செம்முதுகுச் சாலமாண்டரின் பேரினமும் அதில் அடக்கம். கொல்லைச் சாலமாண்டரைப் பிடிப்பதற்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு சட்டம். எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு காட்டுயிரை நாலு நாள் வேடிக்கை பார்க்க இன்னொன்றைப் பலி கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. பாம்புகளுக்கே தனிப் பாதுகாப்புள்ள இடமும் உண்டு: ஃபுளோரிடாவின் கீஸ் தீவுகளில் உள்ள ரிங்நெக்கைத் தொடவே கூடாது, அது அந்த மாநிலத்தின் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது.

மூன்றாம் நாள் குழந்தைக்கே யோசனை வந்தது. "அங்கிள், அது இருந்த பலகைக்கு அடியிலேயே என்ன இருக்குன்னு பார்ப்போமா?" பார்த்தோம். வெளிறிய, நூடுல்ஸ் கனமுள்ள சின்ன மண்புழுக்கள் ஏழெட்டு. மூன்றைக் கழுவாமல், ஒட்டிய மண்ணோடு எடுத்து வந்து, இருட்டியதும் பட்டையின் ஓரம் விட்டோம். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றி ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம்.

முதலில் நாக்குமட்டும் பட்டையின் அடியிலிருந்து வந்தது. பிறகு வளையம். புழுவின்மேல் நாக்கு நாலைந்து முறை தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது. கவ்வியது எப்போது என்று இரண்டு பேருமே பார்க்கவில்லை, அவ்வளவு சடுதி. நடு உடம்பில் கவ்வி, புழு முறுக்கிக்கொண்டு அதன் முகத்தைச் சுற்ற, தாடையை இடம் வலமாக நகர்த்தி நகர்த்தி ஒரு நுனிக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து சேமியாவை உறிஞ்சுவதுபோல உள்ளே போயிற்று. முடிந்ததும் வாயோரத்தில் ஒட்டிய மண்ணைப் பட்டையில் தேய்த்துக்கொண்டது. குழந்தை மூச்சை அப்போதுதான் விட்டாள். கைகழுவ அனுப்பினேன், பாம்பு எந்த ஊர்ப் பாம்பானாலும் தொட்ட கையில் சால்மொனெல்லா இருக்கலாம்.

இரண்டாவது புழுவை அன்று தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. இன்னும் ஒரு வாரம் வைத்திருந்தால் பழகியிருக்குமோ என்னமோ. பழகி, ஆண்டுக்கணக்கில் பெட்டியில் வாழ்ந்த ரிங்நெக்குகள் உண்டு. ஒன்றும் தின்னாமல் மெலிந்து போனவையும் உண்டு, அவற்றைப் பற்றி யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. என் கணக்கில், இரண்டு மூன்று வாரத்தில் தானாகச் சாப்பிடாத ரிங்நெக்கை வைத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. சாப்பிடுவதை வைத்துக்கொள்ளும் நியாயமும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அவள் கொடுத்த வாக்கும் இருந்தது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் பெட்டியைக் கொல்லைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பக்கத்துப் பூங்காவில் இன்னும் நல்ல இடம் இருக்கிறதே என்றார் நண்பர். வேண்டாம், இந்தப் பாம்புக்குக் குளிர்காலப் பொந்து, இரை, துணை எல்லாம் தெரிந்தது இந்தக் கொல்லையில்தான். குழந்தை பலகையைத் தூக்கி, இருந்த குழியில் பாம்பை விட்டு, மேலே மூடப் போனாள். தடுத்தேன். பலகையை முதலில் பழைய தடத்திலேயே வைத்துவிட வேண்டும், பாம்பை அதன் ஓரத்தில் விட வேண்டும். மேலிருந்து வைத்தால் நசுங்கிவிடும். வைத்தாள். பெட்டியைச் சாய்த்ததும் அது புல்லில் ஒரு விநாடி அசையாமல் கிடந்தது. நாக்கு இரண்டு முறை வெளியே வந்தது. பலகைக்கும் மண்ணுக்கும் நடுவில் எனக்குத் தெரியாத ஒரு சந்து அதற்குத் தெரிந்திருந்தது.